சுவருக்கு அந்தப் பக்கம் போண்டா

முதல் சத்தம் கேட்டுவிட்டது. படுத்திருப்பவரின் தலை எங்கே இருக்கிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று இயந்திரம் தடவிப் பார்த்துக்கொள்ளும் சத்தம், யாரோ விரல் கணுவால் கதவைத் தட்டுவதுபோல, இருபது விநாடி, அவ்வளவுதான், பிறகு ஒரு சின்ன மௌனம் வரும், இதோ வந்துவிட்டது, இனிமேல்தான் ஆரம்பம். படுத்திருப்பவர் என்று நினைக்கிறேன் பார், இருபத்தேழு வருஷப் பழக்கம் விடுமா, படுத்திருப்பது போண்டா, எங்கள் போண்டா, முப்பத்து நாலு கிலோ, ஒன்பது வயது லாப்ரடார், இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பதிவேட்டில் 'போண்டா அருளப்பன், ஆண்' என்று எழுதியிருக்கிறார்கள், காலையில் அந்தப் பெண் பேரைக் கூப்பிட்டபோது பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், இவர் சிரிக்கவில்லை. இவர் என்றால் என் கணவர், அருளப்பன், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர், இப்போது என் பக்கத்தில் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறார், வலது கையில் இன்னும் கட்டு. "சீலி, இன்னா சத்தம் அது?" என்கிறார். "மிஷின்தான். ஆரம்பிச்சிருக்காங்க" என்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் எல்லாம் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எது எந்தப் படம், எத்தனை நிமிஷம், எப்போது நிற்கும், மனிதர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஸ்கேன் சென்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருபத்தேழு வருஷம் பொத்தானை அமுக்கியவள் நான், ஆனால் ஒரு நாள்கூட இந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை, சுவருக்கு வெளியே இருந்து கேட்டால் அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டில் சுவரை இடிக்கிற மாதிரி, நம்முடைய எதையோ இடிக்கிற மாதிரி.

இது இரண்டாவது, தடதடவென்று ஒரே தாளத்தில் போகிறதே, நீர் கோத்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும் படம், நாலு நிமிஷமாவது ஓடும், மூளையில் வீக்கம் இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும், உள்ளே இருக்கிற அந்தப் பையன், பையன் என்ன, முப்பது வயதாவது இருக்கும், டெக்னீஷியன் விமலன், அவன் இந்நேரம் பார்த்திருப்பான், ஒவ்வொரு படமாகத் திரையில் வந்து விழும், ரொட்டியை மெல்லிசாக அறுத்து அடுக்கியது மாதிரி போண்டாவின் தலை, மூக்கிலிருந்து பிடரி வரைக்கும். காலையில் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன், நானும் இந்த வேலைதான் தம்பி செய்தேன் என்று, அவன் முகம் மலர்ந்துபோய், "நாய்த் தலைக்குன்னு தனியா இல்ல மேடம், மனுஷங்க முழங்காலுக்குப் போடுற கூட்டைத்தான் மாட்டுறோம், கச்சிதமா உக்காந்துக்கும்" என்றான், எத்தனை முழங்காலுக்கு நான் படம் பிடிக்கிற அந்த பிளாஸ்டிக் கூட்டை மாட்டியிருப்பேன், பந்து விளையாடி முறித்துக்கொண்டவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள், அதற்குள் போண்டாவின் மூஞ்சி, காதில் பஞ்சு வைத்து, வாயில் மூச்சுக்குழாய் செருகி, நாக்கு ஒரு பக்கம் வெளியே கிடக்க. மனிதர்களிடம் அசையாதீங்க என்று சொல்லலாம், போண்டாவிடம் அதைச் சொன்னால் நம்மோடுதான் பேசுகிறார்கள் என்று எழுந்து வாலாட்டிக்கொண்டு வருவான், அதனால் முழு மயக்கம். ஊசி போடும்போது நான்தான் முன்னங்காலைப் பிடித்திருந்தேன், அந்த உள்ளங்கால், வெந்த வேர்க்கடலைத் தோல் வாசனை வருமே அந்தக் கால், பிடித்துக்கொண்டே இருந்தேன், கண் சொருகியது, தலை என் மணிக்கட்டில் கனத்தது, அப்புறம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், "நீங்க வெளிய இருங்க மேடம்." இருங்கள் என்றால் இருக்கத்தானே வேண்டும், நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். குழாய்க்குள்ளே போகப் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நான் ஒன்று செய்வேன், காது அடைத்திருக்கும், கண் மூடியிருக்கும், ஆகவே காலின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று விரல் வழியாகச் சொல்வதுபோல, ஒரு காய்கறிக் கடைக்காரர் அதற்காக மறுநாள் ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். போண்டாவின் காலை இப்போது யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். மயக்கத்தில் இருப்பவனுக்கு எதற்கு என்று நினைப்பார்கள். சரிதான், எதற்கு.

போண்டா என்ற பேரே இவர் வைத்ததுதான். அனிட்டா காலேஜ் கடைசி வருஷத்தில் ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள், தோழி வீட்டில் எட்டுக் குட்டியாம், வைத்துக்கொள்ள இடமில்லையாம், அம்மா ரெண்டு நாள், ரெண்டே நாள் என்றாள், அந்த ரெண்டு நாள்தான் ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போயே ஐந்து வருஷம் ஆகிறது. டூட்டி முடிந்து வந்த இவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, சாயந்திரப் பலகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, "இன்னா போண்டாவா?" என்றார், குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது, முடிந்தது, ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அது அனிட்டாவின் நாயும் இல்லை, என்னுடையதும் இல்லை, இவருடையதுதான். காலையில் இரண்டு பேரும் பால் வாங்கப் போவார்கள், சாயந்திரம் தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் மேம்பாலம் வரைக்கும் போவார்கள், இவர் வீட்டில் என்னோடு பேசாததையெல்லாம் அவனோடு பேசிக்கொண்டு போவார் என்று எதிர்வீட்டு எஸ்தர் சொல்வாள், ஃபோர்மேன் என்ன சொன்னார், யாருக்கு முழங்கால் வலி, எந்த வண்டி தாமதம், எல்லாம். ஒரு நாள் நானே பின்னால் போய்க் கேட்டேன், "சீலிக்கு நம்ம மேல கோவம்டா, குழம்பு நல்லாருக்குன்னு சொல்ல மறந்துட்டேன், நீயாவது சொல்லிருக்கலாம்ல" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

நின்றுவிட்டது. மௌனம். அடுத்தது என்ன எடுப்பார்கள், ஆ, இது, இழுத்து இழுத்து மூச்சு விடுகிற மாதிரி, இது அதே படம்தான், தண்ணீரை மட்டும் கறுப்பாக்கிவிட்டு எடுப்பது. மே மாதம் ஒரு காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போண்டா விழுந்தான். விழுந்தான் என்றால், நின்றுகொண்டே இருந்தவன் மேலே எதையோ பார்த்தான், பக்கவாட்டில் சாய்ந்தான், நாலு காலும் தண்ணீரில் நீந்துவதுபோல அடித்துக்கொண்டன, வாயில் நுரை, சிறுநீர் போய்விட்டது, நான் பக்கத்தில் மண்டியிட்டு ஏசுவே ஏசுவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ, ஸ்கேன் அறையில் விநாடி எண்ணத் தெரிந்த எனக்கு அன்றைக்கு எண்ணத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், சர்க்கரை சரியாக இருக்கிறது, ஈரல் சரியாக இருக்கிறது, வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சின்ன வயசுல வந்தா பிறவியில வர்ற வலிப்புன்னு சொல்லலாம்மா. ஒன்பது வயசுல முதல் தடவை வர்றதுன்னா தலைக்குள்ள பார்த்துடறது நல்லது" என்றார். தலைக்குள்ளே. மனிதர்களுக்குச் சொல்லும்போது அந்த வார்த்தை என் காதில் விழுந்ததே இல்லை, நோயாளி எண், பெயர், வயது, தலை, மருந்து போட்டு, மருந்து போடாமல், அவ்வளவுதான். போண்டாவின் தலை என்றால் எனக்கு அது வேறு, நெற்றியில் நடுவில் ஒரு பள்ளம், கட்டைவிரல் வைத்துத் தேய்த்தால் கண்ணை மூடிக்கொள்வான், அதற்குப் பின்னாலா, அந்தப் பள்ளத்துக்கு நேர் பின்னாலா.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது, அல்லது முன்பே இருந்ததோ, நான்தான் பார்க்கவில்லையோ. தட்டில் சோறு மிச்சம் வைக்க ஆரம்பித்தான். மிச்சம் வைக்கிற ஜாதியா அவன், தட்டையும் சேர்த்து நக்கிக் கூடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகிறவன், அவன் பாதிச் சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான், இன்னும் பசிக்கிறது என்று பார்த்தான். மூன்று நாள் கழித்துக் கவனித்தேன், விட்ட சோறு எப்போதும் வலது பாதி. கத்தியால் கோடு போட்ட மாதிரி இடது பாதி சுத்தமாக இருக்கும், வலது பாதி அப்படியே இருக்கும். தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தேன், புதிதாக வந்த சோற்றைப் பார்த்த சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டான். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியும் என்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். பக்கவாதம் வந்து ஸ்கேனுக்கு வந்தவர்களில் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கத்து மீசையை மட்டும் மழித்துவிட்டு வந்த ஒரு தபால்காரரை, உலகத்தின் ஒரு பாதி அவருக்கு இல்லாமலே போயிருந்தது, அது இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. போண்டா முற்றத்தில் சுற்ற ஆரம்பித்தான், இடது பக்கமாக, எப்போதும் இடது பக்கமாக, துளசிச் செடியைச் சுற்றி எஸ்தர் வீட்டுப் பையன் சைக்கிள் பழகிய மாதிரி, இவரோ "வயசாச்சுல்ல, வேடிக்கை காட்டுறான்" என்றார். இவரிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றா, அல்லது சொல்லிப் பழக்கமே இல்லை என்றா.

அப்புறம் கடித்தது. பதினாறு நாளாகிறது. இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்பப் போனார், வழக்கம்போலத் தோளைத் தட்டி, வாடா போலாம் என்று, அவன் சரேலென்று திரும்பி இந்தக் கையைப் பிடித்துவிட்டான், கட்டைவிரலுக்குக் கீழே, நாலு தையல். வலித்ததைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அவனையே பார்த்தார், "என்னையாடா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து திண்ணென்று ஒரு வார்த்தை சொன்னார், "நன்றி கெட்டவன்", ஒன்பது வருஷத்தில் அவனை அப்படி எதுவும் சொல்லாத மனிதர். அன்றிலிருந்து கூட்டிக்கொண்டு போவதில்லை, பேசுவதில்லை, பால் வாங்கத் தனியாகப் போனார், போண்டா வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான், இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல், நடுவில் நான், சோற்றுத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு. இன்றைக்கு நான் தனியாகத்தான் வருவேன் என்றிருந்தேன், காலையில் ஆட்டோ வந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். முன்பக்கம், டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு. பின்னால் என் மடியில் போண்டாவின் தலை.

நின்றுவிட்டது, இந்த முறை நீளமாக. கனமான கதவு திறக்கும் சத்தம், காற்று அழுத்தம் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு, யாரோ உள்ளே போகிறார்கள். மருந்து போடுகிறார்கள். நரம்பு வழியாக மருந்தைச் செலுத்திவிட்டு மறுபடி எடுத்தால், கட்டி இருக்கிற இடம் அதைக் குடித்துவிட்டு வெள்ளையாக ஒளிரும், நல்ல மூளை குடிக்காது, கறுப்பாகவே இருக்கும். எங்கள் சென்டரில் எல்லோருக்கும் போட மாட்டோம், சும்மா தலைவலி என்று வருபவர்களுக்கு முதல் படங்கள் சுத்தமாக இருந்தால் அத்தோடு எழுப்பி அனுப்பிவிடுவோம், போடுகிறோம் என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அப்படியென்றால் இருக்கிறது. இல்லை, நாய்களுக்கு ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்க முடியாது, அதனால் மயக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், எல்லா நாய்க்கும் போடுவார்களாக இருக்கும். போடுவார்களா. விமலனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பான். எல்லா நாய்க்கும் போடுவார்கள் என்றால் இது ஒன்றுமில்லை. எல்லா நாய்க்கும் போடுவதில்லை என்றால், ஆனால் தட்டு, ஆனால் இடது பக்கமாகச் சுற்றியது, தட்டும் சுற்றுவதும் போதாதா உனக்கு, இன்னும் எதற்கு எல்லா நாய்க்கும் என்று பிடித்துத் தொங்குகிறாய். ஃபினாயில் வாசனை நெஞ்சைக் கரிக்கிறது. பூனைக்கார அம்மாள் கூடைக்குள் விரலை விட்டு எதையோ தடவிக்கொண்டிருக்கிறாள். செருப்புச் சத்தம். விறுவிறுவென்று காரிடாரில், வெள்ளைக் கோட்டு, டாக்டர் சங்கமித்ரா, படம் பார்த்துச் சொல்கிற டாக்டர், எங்களைப் பார்க்காமலே கட்டுப்பாட்டு அறைக்குள் போகிறாள். டாக்டர் நடுவில் வருவது எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டால்தான் எங்கள் டாக்டர் வருவார். சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க. எத்தனை தடவை அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லியிருப்பேன், எத்தனை தடவை வெளியே ஒருத்தி இப்படி உட்கார்ந்து செருப்புச் சத்தத்தைக் கேட்டிருப்பாள்.

மறுபடி ஆரம்பித்துவிட்டது. இது பழைய தாளம் இல்லை, பொடிப்பொடியாக, மிக மெல்லிசாக அறுக்கிற சத்தம், ஒரே இடத்தை மறுபடியும் மறுபடியும். வழக்கமான பட்டியலில் இது இல்லை. இருந்தாலும் இருக்கலாம், நாய்களுக்கு. போதும் ஜெயசீலி, போதும். என் கையில் எதுவோ ஈரமாக இருக்கிறது, போண்டாவின் கழுத்துப்பட்டை, உலோக வளையம் இருப்பதால் கழற்றிக் கொடுத்திருந்தார்கள், என் வியர்வையில் நனைந்துவிட்டது. இவர் என் கையைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். "உனுக்குத் தெரியுதுல்ல" என்கிறார். நான் பட்டையைச் சுருட்டிக்கொள்கிறேன். "சத்தத்த வெச்சே உனுக்குத் தெரியும். அப்ப புடிச்சு உன் மூஞ்சியத்தான் பாத்துனுக்கிறேன். ஆஸ்பத்திரி மூஞ்சிய வெச்சினுக்கிற." ஆஸ்பத்திரி மூஞ்சி. எனக்கு அப்படி ஒன்று இருப்பது இவருக்கு எப்படித் தெரியும், அது கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் போடுவதென்று நினைத்திருந்தேனே, ஒரு சின்னச் சிரிப்பு, புருவம் அசையாது, டாக்டர் சொல்வாரும்மா, ரிப்போர்ட் சாயந்திரம் வரும்மா, ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல" என்று கெஞ்சியபோதுகூட அந்த மூஞ்சி அசையவில்லை, அவள் கணவனின் தலையில் நெல்லிக்காய் அளவுக்கு இருந்ததை நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன், இவர் தைலம் தேய்த்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்துதான் தேய்த்திருக்கிறார், இத்தனை வருஷமும். "இருக்கும்னுதான் தோணுதுங்க" என்கிறேன். என் குரல் எங்கேயோ இருந்து வருகிறது. "இடது பக்கத்துல. தட்டுல பாதி சோறு விட்டான்ல, அப்பவே தோணுச்சு. சொல்லல." இவர் தலையை ஆட்டுகிறார், சரி, சரி, கேட்டுக்கொண்டேன் என்பதுபோல. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையை என் கைமேல் வைக்கிறார், தையல் வலிக்கும், வைத்துக்கொண்டே இருக்கிறார். இயந்திரம் நிற்கிறது. இதற்கப்புறம் ஆரம்பிக்காது. முடிந்துவிட்டது. எழுந்து போகிற மாதிரி நீளமான மௌனம்.

விமலன் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலையில் மலர்ந்த முகம் எங்கே போயிற்று. "எழுந்துக்க இன்னும் அரைமணி ஆகும் மேடம். டாக்டர் கூப்பிடறாங்க, உள்ள வாங்க." அவனால் என் கண்ணைப் பார்க்க முடியவில்லை, புதியவன், அந்த மூஞ்சியை வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை, பழகாமலே இருக்கட்டும் தம்பி, அப்படியே இரு. உள்ளே ஏசிக் குளிர். திரையில் போண்டாவின் தலை, பக்கவாட்டில் பார்த்தால் அவனேதான், அந்த மூக்கு நீளம், நாக்கு மடிந்து கிடக்கிறது, நடுவில் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் மூளை, இவ்வளவு சின்ன இடத்திலா எங்கள் மூன்று பேரையும், மேம்பாலச் சாலையையும், என் வளையல் சத்தத்தையும், பிஸ்கெட் டப்பாவின் மூடியையும் வைத்திருந்தான். டாக்டர் படத்தை மாற்றுகிறாள், முன்பக்கத்திலிருந்து பார்க்கிற படம், திரையில் வலது பக்கம் இருப்பது உடம்பில் இடது பக்கம், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, வெள்ளையாக, அவரைக்கொட்டை போல, மண்டையோட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, சுத்தமான விளிம்போடு, மூளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு. அழகாக இருக்கிறது. கடவுளே, எனக்கு முதலில் தோன்றியது அதுதான், நல்ல படம், அசைவே இல்லாமல் எடுத்திருக்கிறான் பிள்ளை.

"உங்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டியதில்ல மேடம்" என்கிறாள் டாக்டர். "இவருக்குச் சொல்லுங்க டாக்டர்" என்கிறேன். அவள் நாற்காலியை இவர் பக்கம் திருப்பிக்கொண்டு நிதானமாகச் சொல்கிறாள், கட்டி மூளைக்குள் முளைத்ததில்லை, மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் முளைத்தது, அதனால் விளிம்பு தெளிவாக இருக்கிறது, சவ்வோடு ஒட்டி ஒரு வால் மாதிரி நீள்கிறது பாருங்கள், வயதான லாப்ரடார் மாதிரி நாய்களுக்கு வருவதுதான், படத்தை வைத்து இந்த வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், சதையை எடுத்துச் சோதித்தால்தான் நூற்றுக்கு நூறு சொல்ல முடியும். சுற்றிலும் வீக்கம் இருக்கிறது, வலிப்பும் சுற்றுவதும் அதனால்தான். இடது மூளை அழுந்துவதால் வலது பக்கத்து உலகம் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. இவர் எல்லாவற்றையும் கேட்டார், வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி சொல்வதைக் கேட்டிருப்பாரே, அப்படி. பிறகு கட்டுப் போட்ட கையை மேஜை மேல் எடுத்து வைத்தார். "என்னைக் கடிச்சான்மா" என்றார். "பதினாறு நாளாச்சு. ஒன்பது வருஷத்துல கடிச்சதில்ல." டாக்டர் கையைப் பார்த்தாள். "எந்தப் பக்கமா போனீங்க சார்?" இவர் யோசித்தார், கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியை, ஜன்னலை, அவன் படுத்திருந்த திசையை எல்லாம் கூடத்தில் வைத்துப் பார்த்தார், உதடு அசைந்தது, "வலது பக்கமா" என்றார். "அதான் சார். உங்களை அவனுக்குத் தெரியல. யாருமே இல்லாத இடத்துலேர்ந்து திடீர்னு ஒரு கை வந்து தோளைத் தொட்டிருக்கு. பயந்துட்டான். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா கடிச்சிருக்க மாட்டான்." இவர் மேஜை மேல் இருந்த கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப எம்மேல கோவமில்லயா அவனுக்கு?" என்றார். "இல்ல சார்." அவ்வளவுதான், அறுபத்தோரு வயது மனிதர், மாமனார் சாவுக்கும் அழாதவர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அந்த ஏசி அறையில் குலுங்கிக் குலுங்கி அழுதார், திரையில் தலைக்குள் கட்டி தெரிகிறது, வீட்டுக்காரர் நிம்மதியில் அழுகிறார், இப்படி ஒருவரை டாக்டர் பார்த்திருக்க மாட்டாள், நானும் பார்த்ததில்லை, நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், எனக்கும் என்னவோ நெஞ்சிலிருந்து இறங்கியது, கெட்ட செய்தி ஒன்று இப்படி ஒரு நல்ல செய்தியையும் மடியில் கட்டிக்கொண்டு வரும் என்று இருபத்தேழு வருஷத்தில் எனக்குத் தெரியவே தெரியாது, நாங்கள்தான் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவோமே, பிரித்தபிறகு என்ன நடந்தது என்று எங்கே பார்த்தோம்.

வழி இரண்டு என்றாள் டாக்டர். மாத்திரை மட்டும் என்றால் வீக்கம் குறையும், நன்றாக இருப்பான், சில மாதம். மேலாக இருக்கிற கட்டி என்பதால் மண்டையைத் திறந்து எடுக்கலாம், இதயம் நன்றாக இருக்கிறது, எடுத்தால் ஒரு வருஷமோ அதற்கு மேலுமோ கிடைக்கலாம், ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விடவும் வாய்ப்பு உண்டு, திரும்ப முளைக்கவும் வாய்ப்பு உண்டு. யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை, இன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிடலாம். ஒரு வருஷம். ஒரு வருஷம் என்பது எத்தனை பால் பாக்கெட், எத்தனை தடவை மேம்பாலம். மேஜையில் போய்விட்டால். போய்விட்டால் என்று நினைக்கவே கூடாது, ஆனால் நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், மண்டை எலும்பைத் திறப்பது, அந்தக் கட்டைவிரல் பள்ளத்துக்குப் பக்கத்தில், மயிரை மழித்துவிடுவார்கள், தையல் போட்ட தலையோடு என்னைப் பார்ப்பான், அல்லது பார்க்க மாட்டான். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துடலாம்மா. இவளுக்கும் சம்மதம்னா" என்றார், என்னைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு முடிவை என்னிடம் கேட்டு நிற்கிறார், அதுவும் கேட்ட மாதிரியே கேட்டு. எனக்குப் பயம்தான். "சம்மதம்தான்" என்றேன். அடுத்த வியாழக்கிழமை என்று டாக்டர் எழுதிக்கொண்டாள்.

மயக்கம் தெளிகிற அறையில் தரையில் ஒரு மெத்தை விரித்து அவனைக் கிடத்தியிருக்கிறார்கள். குழாயை எடுத்துவிட்டார்கள், மூச்சு சீராக வருகிறது, வாயோரம் எச்சில், கண் பாதி திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் வரவில்லை. ஊசி போட்ட முன்னங்காலில் மயிரை வட்டமாக மழித்திருக்கிறார்கள், அந்த இடம் மட்டும் ரோஸ் நிறத்தில் குட்டி நாளில் இருந்த மாதிரி. நான் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. இவர் வாசற்படியிலேயே நின்றார், முதல் தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் மாதிரி, வரலாமா என்று தெரியாமல். பிறகு உள்ளே வந்தார், போண்டாவின் முதுகுப் பக்கம் ஒரு அடி வைத்தார், நின்றார். யோசித்தார். மெத்தையைச் சுற்றிக்கொண்டு, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒடுங்கி, அவனுக்கு இடது பக்கமாகப் போய், தேய்த்த சட்டையோடு வெறுந்தரையில் படுத்துக்கொண்டார், அவன் கண்ணுக்கு நேராகத் தன் கண் வருகிற மாதிரி, மூக்குக்கு மூக்கு. ஊசி போடுகிற பெண் எட்டிப் பார்த்து, "சார், கீழ படுக்கக் கூடாது சார், ஃபினாயில் போட்டிருக்கு" என்றாள். "அஞ்சு நிமிஷம்மா" என்றார் இவர், அவளைப் பார்க்காமலே. அவள் என்னைப் பார்த்தாள், நான் என்ன சொல்ல, போய்விட்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தார், பதினாறு நாள் கணக்கு, காலைப் பாசஞ்சர் தினமும் தாமதமாக வருவது, பால்காரன் மகனுக்கு வேலை கிடைத்தது, மேம்பாலத்துக்குக் கீழே புதிதாக ஒரு கறுப்புக் குட்டி வந்திருப்பது, ஒன்றையும் விடாமல், இடையில் அதே குரலில், "நான் சொன்னது தப்புடா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி பாசஞ்சருக்குப் போய்விட்டார். போண்டாவின் கருமணி மேலும் கீழும் மிதந்தது, சுற்றியது, எதிலும் நிற்கவில்லை, நின்றது, மறுபடி மிதந்தது. மூக்கு மட்டும் முதலில் அசைந்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை, ஈரமான மூக்கு, காற்றில் எதையோ சரிபார்த்துக்கொண்டது. பிறகு தலையை ஒரு அங்குலம் தூக்கி, தூக்க முடியாமல், இவர் தாடையின் மேல் அப்படியே பொத்தென்று போட்டான். இவர் பேச்சு நின்றுவிட்டது. அசையாமல் படுத்திருந்தார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.